ஒன்பது நாற்பதுக்கு வரும் போன்

1

"ஆறு நாளாச்சு. என் பெஞ்சாதி அஜிதாவைக் காணலை. ஆனா அவ போன் மட்டும் தினமும் காலையில ஒன்பது நாற்பதுக்கு வீட்டுக்கு வருது, கேட்டோ."

செல்வகணேஷ் இதைக் காபி ஆற்றுகிற நிதானத்தோடு சொன்னார். நாற்பது வயது. ஒரு தனியார் கல்லூரியில் துணை முதல்வர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போன்ற மெல்லிய குரல். கேட்டுக்கொண்டிருந்த பால்பாண்டி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. பிறவிக் கோளாறு, மருந்து கிடையாது.

"நடந்து வருதா, ஆட்டோ பிடிச்சு வருதா சார்?" என்று கேட்டே விட்டான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் முதலாளியம்மா ராஜபாய் அவன் காலை மிதித்தார்.

ராஜபாய்க்கு ஐம்பத்தேழு வயது. தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷத்தைக் கம்பத்து உச்சியிலும் கேபிள் குழியிலும் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கிழக்கேகோட்டையில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். களியக்காவிளைக்காரர். பால்பாண்டி வள்ளியூர்க்காரன். திருவனந்தபுரத்துக்குப் பரோட்டா வீச வந்தவன், ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்லப் போய், நான்கு வருஷமாக ராஜபாயின் உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருக்கிறான். இன்று காலை இருவரும் கரமனையில், செல்வகணேஷின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மணி ஒன்பது பத்து.

"விவரமா சொல்லுங்க சார்," என்றார் ராஜபாய்.

செல்வகணேஷ் சுவரைக் காட்டினார். அங்கே நாலு கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டி ஒன்று பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் ரூட்டர். வீட்டில் எந்தப் போனோ டிவியோ அதில் சேர்ந்தாலும் விலகினாலும் அவருடைய போனுக்குத் தகவல் வந்துவிடும். ஷிபு என்ற பையன் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தான். அவர் தன் போனை நீட்டினார். ராஜபாயின் தோள் வழியே பால்பாண்டியும் படித்தான்.

9.40, அஜிதா போன் இணைந்தது. 9.55, அஜிதா போன் விலகியது. கீழே அதே வரி. அதற்குக் கீழேயும் அதே வரி. ஐந்து நாள், ஐந்து முறை.

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுது."

"சிம்மை எடுத்தா அப்படித்தான் சொல்லும். சிம் இல்லாத போனும் பழகின வைஃபை பக்கத்துல வந்தா தானா சேர்ந்துக்கிடும்." ராஜபாய் போனைத் திருப்பிக் கொடுத்தார். "போலீஸ்ல சொன்னீங்களா?"

"குடும்ப மானம் இருக்கில்ல மேடம். அவளுக்கு இங்க ஒரு குறையும் கிடையாது. யாரோ கடத்தியிருக்கணும், இல்லைன்னா..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயிரோட இருந்தா கண்டுபிடிச்சுத் தாங்க. நான் பேசிக்கிடறேன்."

இல்லைன்னா என்றதற்கு அப்புறம் வர வேண்டிய வார்த்தை பால்பாண்டியின் தலைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. செத்தவள் போன் எதற்கு தினமும் வீட்டுக்கு வருகிறது? அவன் வாசற்கதவு எத்தனை எட்டில் இருக்கிறது என்று மனசுக்குள் அளந்து வைத்துக்கொண்டான்.

"வீட்டைச் சுத்திப் பாக்கலாமா?" என்று ராஜபாய் எழுந்தார்.

தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. இந்த வீடும் பக்கத்து வீடும் ஒரு காலத்தில் ஒன்றுதானாம். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் முழங்கை நீளத் தடிமனில் சுவர் எழுப்பிவிட்டார்கள். பெரியப்பா குடும்பம் இப்போது மஸ்கட்டில்.

"சாவியும் அங்கதான். வாசல் பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. நானே போய்ப் பாத்தேன்," என்றார் செல்வகணேஷ்.

கூடத்தில் ஒரு கேமரா. படுக்கையறையில் ஒன்று. அடுக்களையில் ஒன்று. பின்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்று முற்றத்தில் ஒன்று. எல்லாம் வெள்ளை வெளேரென்று கோழிமுட்டை அளவில் இருந்தன. பால்பாண்டி எங்கே திரும்பினாலும் ஒரு முட்டை அவனையே பார்த்தது.

"மெமரி கார்டு போட்டிருக்கா?" என்றார் ராஜபாய்.

"வேண்டாம்னுட்டேன். படம் வைஃபை வழியா நேரா என் போனுக்கு வந்திடும். காலேஜ்ல இருந்தே பாக்கலாம் அல்லே?"

படுக்கையறையைத் தாண்டும்போது ராஜபாய் ஒரு கணம் நின்று கதவைப் பார்த்தார். பால்பாண்டியும் பார்த்தான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. பழைய வீட்டில் ஆயிரம் கோணல் இருக்கும் என்று நினைத்து அதை அவன் விட்டுவிட்டான்.

கூடத்தின் கோடியில் ஓர் அறை மட்டும் சாத்தியிருந்தது.

"பூஜை ரூம். என்னைப் பெத்த அம்மை உள்ள பூஜையில இருக்கா. எங்க குடும்பத்துத் தெய்வம் கொஞ்சம் பொல்லாதது. அசுத்தமா அந்தப் படி மிதிச்சவன் பிழைச்சதில்லைன்னு சொல்லுவாங்க. நான் வெளிய கண்டதைச் சாப்பிடறவன், என்னையே விட மாட்டா." செல்வகணேஷ் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "அங்கயும் ஒரு கேமரா வைக்கத்தான் பாத்தேன். சுவர் தடிமன், வைஃபை போகாதுன்னு ஷிபு வயர் இழுத்தான். கதவுக்கு மேல வழியா வயரை உள்ள தள்ளினதோட சரி. அம்மை ஆளை உள்ள விடலை. ஒரு வருஷமா வயர் சும்மா கிடக்கு."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அந்த ரூமைத்தான் நீங்க பாக்கணும். போன் அங்க எங்கயாவது இருக்கான்னு. அம்மை யாரையும் விட மாட்டேங்கறா. நீங்க ஏதாவது வழி பண்ணணும்."

அப்போதுதான் உள்ளேயிருந்து பூஜை மணி அடிக்கத் தொடங்கியது. கணகணவென்று வெண்கலச் சத்தம் கூடத்தை நிரப்பியது. செல்வகணேஷின் கையில் இருந்த போன் டிங் என்றது.

மணி ஒன்பது நாற்பது. அஜிதா போன் இணைந்தது.

"பாத்தீங்களா?" என்றார் செல்வகணேஷ். அவர் கண்கள் ஜன்னலுக்கும் வாசலுக்கும் ஓடின. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்த மணிச் சத்தம் அவர் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. "இங்கதான் எங்கயோ இருக்கா." அவர் வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தார்.

பால்பாண்டி வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். "மேடம், நான் வேணும்னா பேக்கரிக்குப் போயி உங்களுக்கு ரெண்டு பப்ஸ் வாங்கிட்டு வாரேன். வர சாயந்தரம் ஆகும்."

"பேசாம இங்க வாடே."

ராஜபாய் தன் போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். செல்வகணேஷிடம் பாஸ்வேர்டை வந்ததுமே வாங்கியிருந்தார். இரண்டு பட்டியல். ஒன்று வைஃபை வழியாகச் சேர்ந்தவை, மற்றது வயர் வழியாகச் சேர்ந்தவை. அஜிதாவின் போன் இரண்டாவது பட்டியலில் இருந்தது.

"போனுக்குள்ள எங்கடே வயர் சொருகுவ?" ராஜபாய் கிசுகிசுத்தார்.

"சார்ஜர் ஓட்டையில?"

"அது கரண்டு. இது நெட்டு. வயரோட அந்த முனையில இன்னொரு வைஃபை பெட்டி இருக்கு. போன் அந்தப் பெட்டியில சேருது, பெட்டி வயர்ல சேருது. அதான் இந்தப் பட்டியல்ல வருது. இப்போ ரூட்டரைப் பாரு. எத்தனை வயர் போவுது?"

மூன்று. ஒன்று டிவிக்கு, ஒன்று அவருடைய கம்ப்யூட்டருக்கு. மூன்றாவது உத்தரத்தில் ஏறி, பூஜை அறைக் கதவுக்கு மேலே சுவருக்குள் நுழைந்து மறைந்தது.

"ஆளையே உள்ள விடலைன்னா, அந்தப் பெட்டியை யார் மாட்டினா?" என்று கேட்டான் பால்பாண்டி. கேட்ட பிறகுதான் விடை அவனுக்கே உறைத்தது. உள்ளே போகிறவர் ஒரே ஒருவர். மணி அடிப்பவர்.

செல்வகணேஷ் திரும்பி வரும் காலடி கேட்டது. ராஜபாய் சட்டென்று பூஜை அறைக் கதவுக்கு நேரே போய் நின்று, செவிடருக்குச் சொல்வது போல உரக்கப் பேசினார்.

"சார், ஒரு சந்தேகம். களவனுக்குப் பயந்து கேமரா வைக்கிறவன் வாசலைப் பாத்து வைப்பான். உங்க வீட்டுல நாலு இருக்கு. ஒண்ணுகூடத் தெருவைப் பாத்து இல்லையே? எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கிற ஆளையே பாத்துக்கிட்டு இருக்கே?"

உள்ளே மணி சடாரென்று நின்றது.

செல்வகணேஷ் ராஜபாயைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகத்தைப் பார்த்துத்தான் பால்பாண்டி அன்றைக்கு முதல் முறையாகப் பேய்க்குப் பயப்படுவதை நிறுத்திவிட்டு மனுஷனுக்குப் பயப்படத் தொடங்கினான்.

"பெஞ்சாதியோட பாதுகாப்புக்குத்தான் மேடம்," என்றார் அவர் மெல்ல.

பூஜை அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. உள்ளே இருட்டில் ஒரு கிழட்டுக் கண் தெரிந்தது. செல்வகணேஷின் தாயார் உலகம்மாள்.

"அந்தத் தம்பி வரட்டும். கிணத்துல ரெண்டு குடம் தலையோட ஊத்திக்கிட்டு, ஈர வேட்டியோட, பின்வாசல் வழியா வரணும். அவன் மட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. மணி மறுபடி அடித்தது. செல்வகணேஷுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "அஞ்சு நாளா கெஞ்சறேன், இப்போ தானா சொல்றா! போங்க தம்பி, சீக்கிரம். மூலை முடுக்கு விடாம பாருங்க."

பால்பாண்டி ராஜபாயின் பக்கம் திரும்பினான். "மேடம், என்னை வேலைக்கு எடுக்கும்போது பொல்லாத தெய்வத்தைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லல."

"பேடிக்காதே, ஒண்ணும் ஆகாது. போ," என்றார் ராஜபாய். பிறகு, உதடு அசையாமல், "சொந்த மவனை விடாதவ உன்னைக் கூப்பிடுதான்னா, உன்னைப் பாக்கக் கூப்பிடல. உனக்குக் காட்டக் கூப்பிடுதா."

கிணற்று முற்றத்தில் செல்வகணேஷின் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுந்ததும் பால்பாண்டிக்குப் பல் கிடுகிடுத்தது. சுவரில் இருந்து வெள்ளை முட்டை அவனைப் பார்த்தது. பூஜைக்குத் தண்ணீர் எடுக்கிறவர் ஈரத்தோடு வேறெங்கும் படாமல் நேரே உள்ளே போவதற்காக, அந்த அறைக்கு முற்றத்தின் பக்கம் ஒரு குட்டை வாசல் இருந்தது. அவன் குனிந்து நுழைந்தான்.

ஏழு விளக்குகள் எரிந்தன. எண்ணெய்ப் புகையில் கண் கரித்தது. உலகம்மாள் இடது கையால் மணியை அடித்துக்கொண்டே வலது கையால் அவன் வாயைப் பொத்தினாள். எழுபதை நெருங்கிய அந்தக் கையில் விளக்கெண்ணெய் பிசுபிசுத்தது. அவள் கண்ணால் ஒரு சாமி படத்தைக் காட்டிவிட்டு அதை மெல்ல நகர்த்தினாள்.

படத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு விளக்கு மாடம். சாதாரண மாடம் என்றால் பின்னால் சுவர் இருக்கும். இதில் இல்லை. வீட்டைப் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் விளக்கை மட்டும் பிரிக்கவில்லை. ஒரே விளக்கின் வெளிச்சம் இரண்டு வீட்டுக்கும் போகட்டும் என்று சுவரில் இரண்டு பக்கமும் திறந்த ஓட்டை விட்டிருந்தார்கள். இப்போது அந்த மாடத்தில் விளக்குக்குப் பதில் தூசி படிந்த பழைய ரூட்டர் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. ஷிபு தள்ளிவிட்ட வயர் அதில் சொருகியிருந்தது.

பால்பாண்டி குனிந்து பார்த்தான். ஓட்டையின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கண்கள் அவனைப் பார்த்தன.

அவன் கத்தியிருப்பான். உலகம்மாளின் கை அதற்குத்தான் அங்கே இருந்தது.

"அவர் அனுப்பிச்ச ஆளா அத்தை?" என்று அந்தக் கண்களுக்குச் சொந்தமான குரல் கேட்டது. பேயின் குரல் இல்லை. ஜலதோஷம் பிடித்த, பயந்து செத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் குரல். கழுத்தில் நான்கு விரல் தடம் நீலம் பாரித்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பால்பாண்டிக்குத் தாழ்ப்பாள் ஏன் வெளிப்பக்கம் இருந்தது என்று அப்போது புரிந்தது.

உலகம்மாள் மணிச் சத்தத்துக்கு நடுவே அவன் காதில் சொன்னாள். "மூணு வருஷமா அவ ஒரு சன்னல் திறந்ததில்ல தம்பி. அன்னைக்கு என் மவன் கழுத்தைப் பிடிச்சான். நான் சும்மா பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கும் பயம். அப்புறம் கரண்டு போச்சு. கேமரா அணைஞ்சுது. அந்தப் பத்து நிமிசத்துல கிணத்து முத்தம் வழியா அவளை அங்க தள்ளிட்டேன். அந்த வீட்டுப் பின்வாசல் சாவி இந்தப் படத்துக்குப் பின்னாலதான் தொங்குது, அவனுக்குத் தெரியாது. ஆனா கரண்டு வந்திடுச்சு. முத்தத்துக் கேமராவைத் தாண்டி அவளால வெளிய போக முடியல. அவன் லீவு போட்டுட்டு வீட்டுலயே கிடக்கான்."

"இந்தப் பெட்டி?"

"பழசுன்னு தூரப் போட்டது. எந்த ஓட்டையில எந்த வயருன்னு அவதான் இந்த மாடம் வழியா சொல்லித் தந்தா. பூஜை நேரம் மட்டும் போடுவேன். நாகர்கோவில்ல அவகூடப் படிச்ச கூட்டுக்காரி சுஜாகூட எழுதிப் பேசுவா. நேத்தைக்கு சுஜா சொல்லிட்டா, எப்ப வந்தாலும் வான்னு. வெளிய விட ஆளில்ல."

அவளுடைய மகனுக்கு அந்த டிங் சத்தம் கேட்கும் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியாது. ஆறாவது நாளாக இதோ கேட்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் போனால் அவர் தெய்வத்துக்குப் பயப்படுவதை விட்டுவிடுவார். பால்பாண்டி குட்டை வாசலைத் திரும்பிப் பார்த்தான். ஜோக் ஒன்றும் வரவில்லை. பயத்தில் அவனுக்கு ஜோக் வராமல் போனது அதுதான் முதல் தடவை.

கதவுக்கு அந்தப் பக்கம் செல்வகணேஷின் குரல். "கிடைச்சுதா தம்பி?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் ஒரு கழுத்து இருக்கிறது.

"தேடிக்கிட்டு இருக்கேன் சார்! சாமி சாமான் நிறைய இருக்கு!"

உடனே ராஜபாயின் குரல் கணீரென்று வந்தது. "எடே பாண்டி! நல்லா கேட்டுக்க. சிக்னல் எங்க வரைக்கும் போவுதுன்னு அளக்கணும். நான் ரூட்டரை முழுசா அணைச்சுப் புதுசா அமைக்கப் போறேன். பத்து நிமிசத்துக்கு வைஃபை கிடையாது, கேமரா கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதுக்குள்ள உன் கையில இருக்கிற வேலையை முடிச்சிட்டு வா. பத்தே நிமிசம். சார், நீங்க என்கூட வாசலுக்கு வாங்க. போனைப் பிடிச்சுக்கிட்டு, சிக்னல் எத்தனை கோடு வருதுன்னு எனக்கு எண்ணிச் சொல்லணும். உங்க உதவி இல்லாம நடக்காது."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்! பால்பாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. மாடத்தில் இருந்த பெட்டியில் ஒரு விளக்கு அணைந்தது. வீடு குருடாகிவிட்டது.

அடுத்து நடந்தது எல்லாம் ஓட்டம். உலகம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். பக்கத்து வீட்டுப் பின்கதவு திறந்தது. அஜிதா ஒரு துணிப்பையோடு வெளியே வந்து, ஆறு நாள் வெயில் பார்க்காத கண்ணைச் சுருக்கினாள். சுவரில் இருந்த வெள்ளை முட்டையைப் பார்த்ததும் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது. விளக்கு எரியவில்லை என்று தெரிந்தும் அவளால் அதன் முன்னால் நடக்க முடியவில்லை. உலகம்மாள் தன் முந்தானையை விரித்துப் பிடித்து, மருமகளை அதற்குள் மறைத்து, கொல்லைப் படல் கதவு வரை நடத்திக்கொண்டு போனாள்.

"நீங்களும் வாங்க அத்தை."

"நான் போனா நாளைக்கு மணி யாரு அடிப்பா? மணி நின்னா அவன் உள்ள வருவான். போ மக்கா."

அஜிதா ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் போனை மாமியாரின் கையில் வைத்து அழுத்தினாள். "அப்ப இதை வச்சுக்கிடுங்க. இது திடீர்னு வராமப் போச்சுன்னா நான் ஊரை விட்டுட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். தினமும் மணி அடிக்கும்போது பெட்டியைப் போடுங்க. இது தானா சேர்ந்துக்கிடும். நான் இங்கயே இருக்கேன்னு அவர் நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

கொல்லைச் சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு மூன்று நிமிஷம். ஈர வேட்டியும் வெறும் மார்புமாக பால்பாண்டி முன்னால் போக, அஜிதா தலைகுனிந்து பின்னால் வந்தாள். ஜங்ஷனில் நாகர்கோவில் பக்கம் போகிற பஸ் ஒன்றும் இல்லை. கிழக்கேகோட்டைக்குப் போகிறவை வரிசையாக வந்து வந்து நின்றன. கோயில்காரன் போலிருக்கிறது என்று பூக்காரி ஒருத்தி அவனையே பார்த்தாள். மூன்று நிமிஷம். நான்கு. வெயில் முதுகைக் காய்ச்சியது. கடைசியில் அந்தப் பக்கம் போகிற களியக்காவிளை பஸ் ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. அஜிதா ஏறினாள். நன்றி சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் இடம் இருந்தும், ஜன்னலை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

பால்பாண்டி ஓடினான். குட்டை வாசலில் குனிந்து பூஜை அறைக்குள் விழுந்தபோது, மாடத்துப் பெட்டியில் விளக்கு மறுபடி மினுக்கத் தொடங்கியது. மூச்சைப் பிடித்து நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குள் போனான்.

"ஒண்ணும் இல்ல சார். எல்லா இடமும் பாத்துட்டேன்."

செல்வகணேஷ் வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு மிக மெல்லக் கேட்டார்.

"தம்பி, ஈர வேட்டியோட உள்ள போனீங்க அல்லே? பத்து நிமிஷத்துல இது எப்படிக் காஞ்சுது?"

பால்பாண்டி கீழே பார்த்தான். வேட்டி மொடமொடவென்று காய்ந்திருந்தது. கரமனை ஜங்ஷன் வெயில். ராஜபாயின் முகம் வெளுத்தது. கூடத்துக் கேமராவின் விளக்கு பச்சைக்கு மாறி அவர்கள் எல்லோரையும் பார்த்தது.

"ஏழு விளக்கு ஏத்தி வச்சிருக்கிற ரூம்ல ஈரம் நிக்குமா?"

குரல் பூஜை அறையிலிருந்து வந்தது. உலகம்மாள் படியில் நின்றாள். மகனை நேருக்கு நேர் பார்த்தாள். "நான் தினமும் ஈரச் சேலையோட போயி காஞ்ச சேலையோடதான் வாரேன். நீ எந்தக் காலத்துல உள்ள வந்த, உனக்குத் தெரிய? சந்தேகமா இருந்தா வா. இப்பவே குளிச்சிட்டு வந்து நின்னு பாரு. வா!"

செல்வகணேஷின் கால் ஓர் அடி முன்னால் வந்தது. படியின் விளிம்பில் நின்றது. பால்பாண்டி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கும் மாடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு கல்படி மட்டும்தான்.

கால் பின்வாங்கியது.

உலகம்மாள் கதவைச் சாத்தினாள். மணி அடித்தது. செல்வகணேஷின் போன் டிங் என்றது.

அஜிதா போன் இணைந்தது.

அவர் திரையைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. "இங்கதான் இருக்கா," என்றார் ஆசையோடு. "எங்கயும் போகலை."

"ஆமா சார்," என்றார் ராஜபாய். "சிக்னல் தெரு வரைக்கும் வருது. யாரோ இந்தத் தெருவுலதான் போனை வச்சிருக்காங்க. இவனைத் தினமும் காலையில தெருமுனையில நிறுத்தறேன். ஒன்பது நாற்பதுக்கு யார் வாரா, யார் போறான்னு பாத்துச் சொல்லுவான்."

"நல்லது," என்றார் செல்வகணேஷ்.

தெருமுனை திரும்பியதும் பால்பாண்டி நடந்ததை எல்லாம் சொன்னான். ராஜபாய் ஒரு சுவரில் சாய்ந்துகொண்டார். "அந்த அம்மாவை விட்டுட்டு வந்திட்டோமே பாண்டி."

"நாளைக்கும் அடிப்பாங்களா மேடம்?"

"அடிக்கணும். சுஜாவும் அஜிதாவும் நாகர்கோவில்ல வக்கீலைப் பாத்து, போலீஸோட இங்க வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் மணி அடிச்சா அவங்க நல்லா இருக்காங்க. அடிக்கலேன்னா நீ என்னைக் கூப்பிடக் காத்திருக்காதே, கதவை உடை."

மறுநாள் ஒன்பது முப்பதுக்கே பால்பாண்டி தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். கடைக்காரர் தங்கப்பன் டீயை வைத்துவிட்டுப் போனார். பால்பாண்டி அதைத் தொடவில்லை.

ஒன்பது நாற்பது. தெருவில் மீன்காரனின் ஹாரன் கேட்டது, பள்ளிக்கூட வேன் ஒன்று போனது, மணிச் சத்தம் மட்டும் இல்லை. ஒன்பது நாற்பத்தொன்று. அவன் எழுந்து நின்றான். ஒன்பது நாற்பத்திரண்டு. டீயில் ஆடை படிந்தது. ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"எந்தா, சாயா வேண்டே?" என்று தொடாத டீயைக் காட்டிப் பின்னாலிருந்து தங்கப்பன் கூப்பிட்டார்.

பால்பாண்டி கையைத் தூக்கி அவரை அடக்கினான்.

மணி அடித்தது.